பாட்டன் எங்கே பிறந்தார்? ஒரே வம்சாவழி, இரண்டு சட்டங்கள்

இலங்கைப் பிறப்புச் சான்றிதழில் பிள்ளையின் பெயரும் தாய் தகப்பன் விவரங்களும் முடிந்த பிறகு இரண்டு கட்டங்கள் வரும். பாட்டனார் இலங்கையில் பிறந்தவராயின் அவருடைய முழுப் பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் என்பது ஒன்று. தகப்பனார் இலங்கையில் பிறக்காதவராகவும் பூட்டனார் இலங்கையில் பிறந்தவராகவும் இருந்தால் பூட்டனாரின் விவரம் என்பது மற்றது. கொழும்பிலோ காலியிலோ யாழ்ப்பாணத்திலோ பிள்ளையின் பெயரைப் பதியப் போகிறவர்கள் இவற்றை யோசிக்காமல் நிரப்பிவிட்டு வந்துவிடுவார்கள். பசறை, மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்களின் பழைய பத்திரங்கள் பலவற்றில் அந்த இடத்தில் வெறும் கோடு மட்டும் இழுத்திருக்கும். அந்தக் கோட்டுக்குப் பின்னால், வாக்கும் நாடும் இல்லாமல் வாழ்ந்து செத்த தலைமுறைகள் இருக்கின்றன.

அதே குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று வேறொரு கேள்விக்கு விடை தேடுகிறார்கள். பூட்டனார் இந்தியாவில் எந்த ஊரில் பிறந்தார்? அதற்குத் தாள் உண்டா? வெளிநாட்டு இந்தியக் குடியாளர் அட்டை, அதாவது எல்லாரும் ஓ.சி.ஐ. என்று சொல்லும் அட்டை, அந்தத் தாளைக் கேட்கிறது. 1948இல் கொழும்பு கேட்டது, பாட்டன் இங்கே பிறந்ததற்கான அத்தாட்சி. இன்று டில்லி கேட்பது, பூட்டன் அங்கே பிறந்ததற்கான அத்தாட்சி. இரண்டு நாடுகளும் ஒரே வம்சாவழியைப் புரட்டிப் பார்த்திருக்கின்றன, எதிரெதிர்த் திசைகளிலிருந்து. இந்த இரண்டு சட்டங்களையும் பதுளையில் நின்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் எண்ணம். இரத்த உரிமை பற்றிப் பேசும் சட்டங்கள் கடைசியில் எதை அளக்கின்றன என்பது அப்போதுதான் தெரியவரும்.

முதலில் 1948. அந்த ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அன்றைக்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவழிப் பிரஜையாக வேண்டுமானால் அவருடைய தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும்; இல்லையென்றால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். தாய்வழிக்கு அதில் இடமே இல்லை. அன்றைக்குப் பின் பிறக்கும் பிள்ளைக்கோ, பிறக்கும் நேரத்தில் தகப்பன் பிரஜையாக இருந்தால் மட்டும்தான் உரிமை. அதனால் தகப்பனின் நாடற்ற நிலை பிள்ளைக்கும் அப்படியே இறங்கியது.

வாசகத்தை மட்டும் படித்தால் இதில் எந்த இனத்தின் பெயரும் இல்லை. இலங்கையில் மூன்றாம் தலைமுறையாக வாழும் தோட்டத் தொழிலாளிக்கும் அதன்படி உரிமை உண்டு. ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1920இல் ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் ஒருவர் பிறந்தார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய தகப்பன் 1890ஐ ஒட்டி அதே ஊவா மலையில் பிறந்தவர். இலங்கையில் பிறப்புப் பதிவு கட்டாயமாகி நடைமுறைக்கு வந்தது 1897இல். ஆகவே 1948இல் இருபத்தெட்டு வயதான தொழிலாளி காட்ட வேண்டியிருந்தது, பதிவு கட்டாயமாவதற்கு முன்பே பிறந்துவிட்ட தகப்பனின் பிறப்புப் பத்திரம். ஊவாவின் சிங்களக் கிராமத்து விவசாயியிடமும் அந்தத் தாள் இருந்திருக்காது. அவரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. சட்டம் எல்லாருக்கும் ஒன்றாக எழுதப்பட்டது. நிரூபிக்கும் சுமை மட்டும் தோட்டத்து லயத்துக்காரர் தலையில் விழுந்தது.

ஏன் அவர்கள் தலையில் விழுந்தது என்பதற்கு அரசியல் விடை உண்டு. 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. அந்த எழுவரில் பதுளைத் தொகுதியின் எஸ்.எம். சுப்பையாவும் ஒருவர். அதற்கு முன்பே 1940இல் பதுளைக்கு அருகே வெவெஸ்ஸைத் தோட்டத்தில் இடதுசாரிகளின் தலைமையில் நடந்த வேலைநிறுத்தம் துரைமாரை நடுங்க வைத்திருந்தது. தோட்டத் தொழிலாளரின் வாக்கு எந்தப் பக்கம் விழும் என்பது ஆட்சியாளருக்குத் தெரிந்துதான் இருந்தது. பிரஜைகள் மட்டுமே வாக்களிக்கலாம் என்ற 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் கதவை அடைத்தது. 1952 தேர்தலில் மலையகத்திலிருந்து அப்படி ஒரு பிரதிநிதிகூடப் பாராளுமன்றம் போகவில்லை. வாக்காளர் இடாப்பில் பெயர் மறுக்கப்பட்ட கோடகன் பிள்ளை என்பவரின் வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1953இல் அங்கே கிடைத்த தீர்ப்பும் சட்டத்தின் பக்கமே நின்றது.

கதவை அடைத்தவர்கள் பக்கத்தில் ஒரு சின்ன வாசலையும் வைத்தார்கள்: 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானியர் பிரஜாவுரிமைச் சட்டம். 1946 ஜனவரி 1க்கு முன் மணமானவர் 7 ஆண்டும், மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாமல் இலங்கையில் வாழ்ந்திருந்தால் விண்ணப்பிக்கலாம். இங்கேயும் தாள்தான். ஊருக்குப் போய்க் கலியாணம் முடித்துவிட்டு வந்த மாதங்களையும், தாயின் சாவுக்குப் போய்வந்த நாட்களையும் வைத்து, வசிப்பு இடைமுறிந்ததா என்று விசாரணை அதிகாரிகள் துருவினார்கள். 8,24,000க்கும் மேற்பட்டவர்களுக்காக 2,37,000 அளவில் விண்ணப்பங்கள் போயின. பிரஜாவுரிமை கிடைத்தவர்கள் 1,34,000 அளவில்தான்.

இனி இந்தியப் பக்கம். 1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 8ஆம் உறுப்புரை, வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவழியினரைப் பற்றிப் பேசுகிறது. தான் பிறந்தது எங்கேயானாலும், பெற்றோரில் ஒருவரோ பாட்டன் பாட்டிமாரில் ஒருவரோ பழைய இந்தியாவில் பிறந்திருந்தால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பதிந்து இந்தியக் குடிமகனாகலாம். பழைய இந்தியா என்றால் 1935ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்த இந்தியா. மன்னராட்சி நாடுகளும் அதில் அடக்கம். மலைநாட்டுக்கு ஆயிரக்கணக்கில் ஆள் அனுப்பிய புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் மன்னர்களின் தனி நாடாக இருந்தது. அங்கிருந்து வந்தவர்களையும் இந்த வரையறை சேர்த்துக்கொண்டது.

ஸ்பிரிங்வெளியில் 1920இல் பிறந்த அந்தக் கற்பனைத் தொழிலாளியை மறுபடி கூப்பிடுவோம். பாட்டன் முசிறிப் பக்கத்தில் பிறந்து கடல் கடந்தவர். தகப்பன் ஊவாவில் பிறந்தவர். இலங்கைச் சட்டத்தின்படி, தகப்பன் இங்கே பிறந்ததால் அவர் இலங்கைப் பிரஜை. இந்திய அரசியலமைப்பின்படி, பாட்டன் அங்கே பிறந்ததால் அவர் பதிந்துகொண்டால் இந்தியக் குடிமகன். இரண்டு நாட்டுச் சட்டமும் தன்னுடையவர் என்று சொல்லக்கூடிய மனிதர் அவர். நடந்ததோ வேறு. கொழும்பு அவரிடம் தாள் கேட்டது. அது இல்லாததால் ஏற்கவில்லை. டில்லி அவருடைய விண்ணப்பத்துக்குக் காத்திருந்தது. அவர் அதைப் போடவில்லை, ஏனென்றால் இந்தியப் பதிவு செய்தவுடன் இலங்கையில் தங்கும் வழி அடைபடும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். பிறந்த மண்ணை விட்டுப் போக மனமில்லாதவருக்கு அந்த உரிமையால் என்ன பயன்? 1954 ஜனவரியில் நேருவும் கொத்தலாவலையும் செய்த உடன்படிக்கை இந்தியப் பதிவை ஊக்குவிக்கப் பார்த்தும் மக்கள் அந்தப் பக்கம் திரண்டு போகவில்லை. இரண்டு வம்சாவழிச் சட்டங்களுக்கு நடுவே நாடற்றவர் என்ற பெயர்தான் மிஞ்சியது.

ஓ.சி.ஐ. வந்தது மிகப் பிந்தி, 2005 அளவில். 2015 ஜனவரியில் இந்திய வம்சாவழியினருக்கான பழைய பி.ஐ.ஓ. அட்டையும் அதோடு இணைக்கப்பட்டது. வேறு நாட்டுக் குடிமகனாக உள்ள ஒருவர், அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோதோ பிற்பாடோ இந்தியக் குடிமகனாக இருந்திருந்தால், அல்லது அரசியலமைப்பு வந்த நாளில் இந்தியக் குடிமகனாகத் தகுதி பெற்றிருந்தால், அவருக்கு இந்த அட்டை உண்டு. அப்படிப்பட்டவரின் பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரப்பிள்ளைக்கும் உண்டு. தகுதி பெற்றிருந்தால் என்ற வாசகத்தை மலையகத்தார் நின்று படிக்க வேண்டும். 1920இல் ஊவாவில் பிறந்தவர் 8ஆம் உறுப்புரையின்படி 1950இல் தகுதி பெற்றவர். பதிந்தாரா இல்லையா என்பது வேறு பேச்சு. அவருடைய கொள்ளுப்பேத்தி 2005இல் பதுளை ஆஸ்பத்திரியில் பிறந்திருக்கலாம். முசிறியில் பிறந்து வந்தவரிலிருந்து எண்ணினால் அந்தப் பெண் ஆறாவது தலைமுறை. வாசகம் அவள் வரை எட்டுகிறது.

நீளத்தில் இந்தியச் சட்டம் தாராளமானது. இலங்கைச் சட்டம் இறுக்கமானது. மற்ற வேறுபாடுகளையும் பார்த்தால் அந்தத் தாராளம் எங்கே நிற்கிறது என்பது புலப்படும். 1948 கொடுத்தது, அல்லது மறுத்தது, முழுப் பிரஜாவுரிமையை: வாக்கு, காணி, அரசாங்க வேலை எல்லாம் சேர்ந்தது. ஓ.சி.ஐ. குடியுரிமை அல்ல. இந்திய அரசியலமைப்பு இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இந்த அட்டைக்காரர் ஆயுள் முழுக்க விசா இல்லாமல் போய்வரலாம், தங்கலாம், தொழில் செய்யலாம், வீடு வாங்கலாம். வாக்களிக்க முடியாது, அரசியலமைப்புப் பதவிகளுக்கு வர முடியாது, விவசாய நிலமும் தோட்ட நிலமும் வாங்க முடியாது. தேயிலைத் தோட்டத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக் காத்தவர்களின் பிள்ளைக்கு நீலகிரியில் ஒரு ஏக்கர் தேயிலைக் காணி எழுதி வாங்க வழியில்லை. ஆகவே இதை இரண்டாவது குடியுரிமை என்று தோட்டங்களில் தரகர்கள் சொல்லித் திரிந்தால் நம்பக்கூடாது. அதே காரணத்தால் இந்த அட்டை எடுப்பதனால் இலங்கைப் பிரஜாவுரிமை போய்விடும் என்ற பயமும் வேண்டியதில்லை.

தாய்வழி விஷயத்தில் இந்தியச் சட்டம் ஒரு படி மேல். 8ஆம் உறுப்புரை பெற்றோரில் எவரையும், பாட்டன் பாட்டிமாரில் எவரையும் ஏற்கிறது. இலங்கை 2003இல்தான் தாய் வழியாகவும் பிரஜாவுரிமை இறங்கும் என்று சட்டத்தைத் திருத்தியது. அந்த ஐம்பத்தைந்து ஆண்டுகளில் கொழுந்துக்கூடையைத் தலையில் மாட்டி மலையேறிய பெண்களின் உழைப்பைக் கணக்குப் பார்க்கத் தெரிந்த நாட்டுக்கு அவர்களின் வழியில் வந்த உரிமையைக் கணக்கில் எடுக்கத் தெரியவில்லை.

ஆனால் என் கவலை முழுக்கத் தாளைப் பற்றித்தான். தகுதி இருக்கிறது, சட்டம் எட்டுகிறது என்று சொல்லிவிட்டுக் கண்டியிலுள்ள இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயத்துக்கு ஒரு பிள்ளையை அனுப்பினால் அவள் கையில் என்ன இருக்கும்?

மொரீஷியசோடு ஒப்பிட்டால் இது விளங்கும். அங்கே ஆட்கள் போனது ஒப்பந்தக் கூலிகளாக. அந்த முறை கொடுமையானது. அதைப் புகழ ஒன்றுமில்லை. ஆயினும் ஒவ்வொரு ஆளுக்கும் குடியேற்ற எண் இருந்தது. பெயர், தகப்பன் பெயர், ஊர், வயது, அங்க அடையாளம் பதிவேட்டில் இருந்தன. பலருக்குப் புகைப்படமும் எடுத்தார்கள். அந்தப் பதிவேடுகள் மகாத்மா காந்தி நிறுவனத்தில் பாதுகாக்கப்பட்டு, இன்றைய சந்ததியார் அங்கே போய்த் தங்கள் பூட்டனைக் கண்டுபிடிக்கிறார்கள். 2023இல் சுரினாமுக்கு ஆறாம் தலைமுறை வரையும் 2024 மார்ச்சில் மொரீஷியசுக்கு ஏழாம் தலைமுறை வரையும் இந்தியா ஓ.சி.ஐ. தகுதியை நீட்டியபோது, நீட்டிய தூரம் வரை போவதற்கான ஏணி அங்கே ஏற்கெனவே இருந்தது.

ஊவாவுக்கு ஆட்கள் வந்தது கங்காணி முறையில். பெரியங்காணி தன் ஊருக்குப் போய், உற்றார் உறவினரையும் அக்கம்பக்கத்துச் சனங்களையும் முன்பணம் கொடுத்துக் கூட்டி வந்தார். ஆளுக்கு ஆள் அரசாங்க ஒப்பந்தம் இல்லை. தோட்டத்துக்குத் தோட்டம் மாறும்போது கடனும் துண்டுச் சீட்டாகக் கூடவே மாறியது; அந்தத் துண்டு முறையை 1921இல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். அந்தத் துண்டிலும் எழுதியிருந்தது கடன்தான், பிறந்த ஊர் இல்லை. 1900களின் தொடக்கத்தில் வந்த தகர டிக்கெட்டில் தோட்டத்தின் எண்ணும் ஆளின் எண்ணும் இருந்தன. கழுத்தில் கட்டிக்கொண்டு வந்த அந்தத் தகரத்தில் பெயருக்கு இடமில்லை. 1914இல் தனுஷ்கோடி, தலைமன்னார் வழி ரயிலும் கப்பலும் இணைந்தன. மண்டபம் முகாமில் ஆட்களைத் தடுத்துவைத்து நோய் பார்த்து அனுப்பினார்கள். 1924இல் பதுளை வரை ரயில் வந்தது. இவற்றுக்கெல்லாம் முன் வந்தவர்கள் காட்டு வழியில் நடந்து வந்தவர்கள். செத்தவர்களை வழியிலேயே போட்டுவிட்டு நடந்த பயணத்துக்கு என்ன பதிவேடு?

அங்கே இந்தியப் பக்கத்திலும் நிலைமை பெரிதாக வேறில்லை. பழைய சென்னை மாகாணக் கிராமங்களில் மணியக்காரரோ கணக்குப்பிள்ளையோ பிறப்பை எழுதினாலும், இன்னாருக்கு ஆண் குழந்தை என்று மட்டும் எழுதிப் பிள்ளையின் பெயரை விட்டுவிடுவது சாதாரணம். இந்தியா முழுவதற்குமான பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல்தான் வந்தது. ஒரு பேச்சுக்கு அந்த எழுத்து கிடைத்தாலும், அதிலுள்ள ஆண் குழந்தைதான் ஊவாத் தோட்டத்துச் செக்ரோலில், அதாவது தொழிலாளர் பெயர்ப் பதிவேட்டில் உள்ள ராமசாமி என்று எதை வைத்து நிறுவுவது? நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனின் பெயர்தான் பிள்ளைக்கு முன்னால் நிற்கும். அடுத்த தலைமுறையில் அதுவும் போய்விடும். ஒரே ஆள் தோட்டத்துக் கிளாக்கரின் ஆங்கிலத்தில் ஒரு மாதிரி, பதிவாளரின் சிங்களத்தில் வேறு மாதிரி, பள்ளிக்கூட இடாப்பில் இன்னொரு மாதிரி எழுதப்பட்டிருப்பார். இதற்கு மாறாக, இத்தாலியில் பூட்டனாரின் ஊர் நகரசபைக்கு எழுதிப் போட்டால் 1860களின் பதிவையே நகலெடுத்து அனுப்புகிறார்கள். அந்த நம்பிக்கையில்தான் இத்தாலி 2025 வரை தலைமுறை எல்லையே இல்லாமல் வம்சாவழிக் குடியுரிமை கொடுத்துவந்தது. அந்த ஆண்டுச் சட்டம்தான் அதைப் பெற்றோர், பாட்டன் பாட்டி அளவுக்குக் குறுக்கியது. குடும்பப் பெயரும் தேவாலயப் பதிவும் உள்ள சமூகங்களுக்காக வளர்ந்த வழக்கம் அது. அந்த அச்சில் லயத்துக் குடும்பத்தை ஊற்றினால் வழிந்துபோகும்.

1948இன் சட்டமும் இன்றைய சட்டமும் நோக்கத்தில் எதிரெதிரானவை. ஒன்று விலக்குவதற்கு எழுதப்பட்டது; மற்றது சேர்த்துக்கொள்வதற்கு. தாளைக் கேட்கும் இடத்தில் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்கின்றன. அந்த வெற்றிடம் தானாக வந்ததல்ல. மலிவாக ஆள் சேர்க்க வேண்டும் என்பதற்காகப் பதிவே இல்லாத ஒரு முறையை வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் நடத்தினார்கள். அந்தப் பதிவின்மையை 1948இன் அரசாங்கம் ஆயுதமாக எடுத்தது. இன்று நல்லெண்ணத்தோடு வருகிறவர்களும் அதே இடத்தில் தடுக்கி நிற்கிறார்கள். தலைமுறை எண்ணிக்கையைக் கூட்டுவதைவிட, எந்தத் தாளை அத்தாட்சியாக ஏற்பது என்பதே ஊவாவுக்குப் பெரிய கேள்வி.

ஒரு தாள் மட்டும் பல வீடுகளில் உண்டு. அதன் கதை வேறு. 1964 அக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்கு பிரித்தது: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு, மீதி 1,50,000 பிறகு பார்ப்பது. 1974இல் சிறிமாவும் இந்திராவும் அந்த மீதியை ஆளுக்கு 75,000 என்று பிரித்தார்கள். பிரிக்கப்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணன் இந்தியப் பதிவு, தம்பி இலங்கைப் பதிவு என்று ஒரே லயத்துக்குள் குடும்பம் பிளந்தது. பதுளை ஸ்டேஷனில் ரயில் ஏறித் தலைமன்னார் போய், இராமானுஜம் கப்பலில் இராமேசுவரம் இறங்கி, மண்டபம் முகாம் வழியாகக் கூடலூர், கோத்தகிரி, கொடைக்கானல் என்று சிதறியவர்கள் லட்சக்கணக்கில். தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயின் தோட்டங்கள் அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக எழுந்தவை.

இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தும் போகாமல் நின்றவர்களும் ஏராளம். சேமலாபப் பணம் வரவில்லை, மகளின் பிரசவம் முடியட்டும், தாய்க் கிழவி வர மாட்டேன் என்கிறாள் என்று நாள் கடந்தது. 1981 அக்டோபரோடு ஒப்பந்தக் காலம் முடிந்தது. 1984இல் போரினால் கப்பலும் நின்றது. கையில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு ஊவா மலையில் அந்நியராக நின்றவர்களை 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம்தான் இலங்கைப் பிரஜைகளாக ஏற்றது. நாடற்றவர்கள் பொதுவான பிரகடனம் ஒன்றைச் செய்தால் போதும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தவர்கள் விசேஷ பிரகடனம் செய்து அந்தக் குடியுரிமையைத் துறக்க வேண்டும். அந்த ஆண்டின் இறுதியில் சில நாட்களுக்குள் ஏறக்குறைய 1,90,000 பேர் பதிவானார்கள்.

அந்தப் பழைய பாஸ்போர்ட்டை இன்று ஓ.சி.ஐ. சட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதை வைத்திருந்தவர் அரசியலமைப்பு வந்த பிறகு இந்தியக் குடிமகனாக இருந்தவர். அவருடைய பிள்ளைக்கும் பேரப்பிள்ளைக்கும் கொள்ளுப்பேரப்பிள்ளைக்கும் தகுதி உண்டு, முசிறியில் பிறந்த பூட்டனைத் தேடாமலேயே. நாடுகடத்தும் தாளாக வந்து வீட்டில் அழுகையைக் கொண்டுவந்தது, இன்று ஊவாவில் எஞ்சியிருக்கும் அத்தாட்சிகளிலேயே உறுதியானது. துறந்த பிறகு வேண்டாம் என்று எரித்தவர்கள் உண்டு. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயங்களோடு தகரப் பெட்டிகளும் மண்ணுக்குள் போயின. இருப்பவர்கள் அதைப் பத்திரப்படுத்த வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு எதிர்வாதம் எழும். அதை நான் மதிக்கிறேன். 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை இருநூறு ஆண்டு நினைவாக நடந்தவர்கள், நாங்கள் மலையகத் தமிழர், இந்த மண்ணின் மக்கள் என்று சொல்லத்தான் நடந்தார்கள். கள்ளத்தோணி என்ற ஏச்சைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், இப்போது தாமாகவே போய் இந்திய வம்சாவழி அத்தாட்சி தேடினால் பழைய ஏச்சுக்கு நாமே சாட்சி கொடுத்ததாகாதா என்று பதுளைப் பக்கத்து ஆசிரியர்கள் கேட்கிறார்கள். 1950களில் இந்தியப் பதிவுக்குக் கையெழுத்திட்டதே இலங்கையைத் துறந்ததாக எடுத்துக்கொள்ளப்பட்டது என்பதை நினைத்தால் இது வெறும் பயம் என்று தள்ள முடியாது. என் விடை இதுதான். 1948இல் ஒரு நாட்டைத் தேர்ந்தால் மற்றது போயிற்று, அதனால்தான் நம் ஆட்கள் கலங்கினார்கள். இன்றைய மலையகப் பிள்ளை அடையாள அட்டையும் வாக்கும் உள்ள இலங்கைப் பிரஜை. அந்த நிலத்தில் கால் ஊன்றிக்கொண்டு கோயம்புத்தூரில் படிக்கவோ, கூடலூரில் உள்ள பெரியப்பா பிள்ளைகளைப் பார்க்கவோ ஒரு வழி திறந்தால் அதனால் அவளுடைய மலையகம் குறைந்துவிடாது.

கூடலூரைவிட வேதனையானது மண்டபமும் திருச்சி கொட்டப்பட்டும். 1983க்குப் பிறகு அகதிகளாகத் தமிழ்நாடு போனவர்களில் மலையகத்தாரும் உண்டு. 1958, 1977, 1981 வன்செயல்களால் மலையிலிருந்து வன்னிக்கு இடம்பெயர்ந்து, அங்கிருந்து கடல் தாண்டியவர்கள். பூட்டன் பிறந்த மாவட்டத்திலேயே முகாமில் வாழ்கிறார்கள். விசா இல்லாமல் வந்ததால் இந்தியச் சட்டத்தின் கண்ணில் சட்டவிரோதக் குடியேறிகள், விண்ணப்பிக்கவே வழியில்லை. 2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதியரசர் ஜி.ஆர். சுவாமிநாதன், அப்படிப்பட்ட 65 பேரின் மனுவில், இந்திய வம்சாவழியினர் என்பதை எடுத்துச் சொல்லி அவர்களுடைய விண்ணப்பத்தைப் பரிசீலிக்கச் சொன்னார். அதே ஆண்டின் இறுதியில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் இலங்கையைச் சேர்க்கவில்லை. ஒரே பூட்டனின் இரண்டு வழிப் பேரப்பிள்ளைகளில் பதுளையில் இருப்பவள் ஓ.சி.ஐ. கேட்கலாம், மண்டபத்தில் பிறந்து வளர்ந்தவன் கேட்க முடியாது. வம்சாவழியைப் போற்றும் சட்டத்தில் இந்த ஓட்டை இருப்பது நியாயமே இல்லை.

தாள் இல்லாதவர்களை என்ன செய்வது என்பதற்கு இலங்கையே ஒருமுறை நல்ல விடை கண்டது. 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் நாடற்றவர்களைப் பிரஜைகளாக ஏற்றபோது, பாட்டனின் பிறப்புப் பத்திரத்தைக் கொண்டுவா என்று வரிசையில் நிறுத்தவில்லை. சமாதான நீதவான் முன் கொடுத்த சத்தியக் கடதாசிக்கு மதிப்பிருந்தது. 2003இல் போதுமாக இருந்தது 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் வாழ்ந்தவர், அல்லது அப்படி வாழ்ந்தவரின் சந்ததி என்ற பிரகடனம். நாற்பது ஆண்டு தாள் கேட்டுத் தீராத பிரச்சினை, மனிதரின் வார்த்தையை நம்பத் தொடங்கியதும் சில நாட்களில் தீர்ந்தது. நாடு கவிழவில்லை. ஓ.சி.ஐ. விஷயத்தில் இந்தியா இதே வழியை ஏற்க வேண்டும்; மலையகத் தலைவர்கள் டில்லி போகும்போது வீடமைப்பு உதவியோடு சேர்த்து இதையும் கேட்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் இனம் என்ற இடத்தில் இந்தியத் தமிழர் என்று இலங்கை அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறது. வம்சாவழிக்கு அதைவிட வேறென்ன முதல் அத்தாட்சி வேண்டும்?

அதுவரை ஒவ்வொரு குடும்பமும் செய்யக்கூடியது, இருப்பதைத் தேடி எடுப்பது. 1949 சட்டத்தின்படி பாட்டன் போட்ட விண்ணப்பத்தின் பிரதி, அது நிராகரிக்கப்பட்ட கடிதமாக இருந்தாலும் சரி, அதில் ஊர்ப் பெயர் இருக்கும். 1964க்குப் பிறகு எடுத்த இந்தியப் பாஸ்போர்ட், குடும்ப அட்டை, தோட்டம் மாறியபோது கொடுத்த பற்றுச்சீட்டு, சேமலாப நிதி அட்டை, தோட்டப் பள்ளிக்கூடத்துச் சேர்வு இடாப்பு, மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவு. 1972இலும் 1975இலும் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போய், 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு மாறியபோது பழைய செக்ரோல்கள் பல இடங்களில் குப்பையாகக் கழிந்தன; எஞ்சியவை சில ஆபீஸ் அறைகளில் கறையான் தின்னக் கிடக்கின்றன. ஊவா மாகாணத்துப் பாடசாலைகளும் பல்கலைக்கழகப் பிள்ளைகளும் தொழிற்சங்கங்களும் கூடி, தோட்டம் தோட்டமாக அவற்றைப் படம் பிடித்து வைக்கலாம். எண்பது வயதைத் தாண்டியவர்களிடம் ஊர்ப் பெயர், குலதெய்வம், கூட்டி வந்த பெரியங்காணியின் பெயர் ஆகியவற்றைக் கேட்டு எழுதி, அவர்களிடமே கைநாட்டு வாங்கிச் சத்தியக் கடதாசியாக்கி வைக்கலாம். மொரீஷியசுக்கு ஆவணக் காப்பகம் செய்ததை இங்கே நாம்தான் செய்துகொள்ள வேண்டும். லுணுகலையிலும் பூனாகலையிலும் அந்த விவரம் தெரிந்த கடைசிக் கிழவிகள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். இந்த வருடத்துக்குள் போய்க் கேட்டாக வேண்டும்.